வரலாற்று அமானுஷ்ய நாவல் எழுதி வெளியிட: முதல் குறிப்பிலிருந்து நூலகப் பிரதி வரை

பேய், பலி, சாபம், மாந்திரீகம் ஆகியவற்றைத் தமிழக வரலாற்றின் ஏதோ ஒரு காலத்தில் வைத்து நாவல் எழுத விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதை சொல்லும் கலையைக் கற்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் கல்வெட்டை எங்கே பார்ப்பது, எந்தப் படிவத்தை எப்போது கொடுப்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியை அடிக்கச் சொல்வது என்றெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்து, கேட்டு, காத்திருந்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பிந்தைய படிகளில் கேட்கப்படும் தாள்களும் விவரங்களும் முந்தைய படிகளில்தான் உருவாகின்றன.

1. காலத்தை ஆண்டுக் கணக்கில் உறுதி செய்யுங்கள்

'சோழர் காலம்' என்று எழுதி வைத்தால் போதாது. விசயாலயனில் தொடங்கி மூன்றாம் இராசேந்திரன் வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடும் நீண்ட காலம் அது. ஓர் அரசரையும் அவருடைய ஓர் ஆட்சியாண்டையும் தேர்ந்தெடுங்கள். கல்வெட்டுகள் ஆட்சியாண்டைச் சொல்லியே பேசுகின்றன என்பதால், பின்னால் சான்று தேடுவது எளிதாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதலாம் இராசராசன் 985இல் அரியணை ஏறினார். அவருடைய இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய குடும்பத்தாரின் நிலங்கள் பறிக்கப்பட்டதைப் பேசும் கல்வெட்டு அது. கொலை, துரோகம், ஒரு குலமே நிலமிழந்து வெளியேறுவது, அந்த நிலத்தை அடுத்து உழப்போகிறவன் என்று ஓர் இருண்ட நாவலுக்குத் தேவையான அனைத்தும் அந்தச் சில வரிகளில் இருக்கின்றன. ஆனால் அதே ஆண்டில் உங்கள் கதாபாத்திரம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்க முடியாது. அந்தக் கோயில் நிறைவுற்றது 1010ஆம் ஆண்டில்தான்.

ஆண்டை உறுதி செய்த கையோடு இரவுகளையும் உறுதி செய்யுங்கள். அமானுஷ்யக் கதையில் நிலவு ஒரு கதாபாத்திரம். முழுநிலவு சூரியன் மறையும் வேளையில் எழும். தேய்பிறை அட்டமி நிலவு நள்ளிரவையொட்டித்தான் எழும். அமாவாசைக்கு முந்தைய மெல்லிய பிறை விடியலுக்குச் சற்று முன்பே தெரியும். 'தேய்பிறைச் சதுர்த்தசி இரவு, தலைக்கு மேல் நிலா' என்று எழுதினால் கவனமான வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். குறிப்பிட்ட நாளின் திதி வேண்டுமென்றால் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 700 முதல் 1799 வரையிலான ஆண்டுகளுக்குத் தொகுத்த இந்திய நாட்காட்டித் தொகுதிகளைப் பாருங்கள். பெரிய நூலகங்களில் இருக்கும்.

2. மூன்று பத்திக் கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்திலோ கணினி அட்டவணையிலோ மூன்று பத்திகள் (நெடுக்குக் கட்டங்கள்) போடுங்கள். முதல் பத்தியில் கல்வெட்டு, செப்பேடு, அரசு ஆவணம் ஆகியவை சொல்வது. இரண்டாவதில் இலக்கியமும் நாட்டார் வழக்கும் சொல்வது. மூன்றாவதில் நீங்களே கற்பனை செய்தது. ஒவ்வொரு பதிவுக்கும் நூலின் பெயர், தொகுதி, பக்கம், பார்த்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்டது என்றால் எந்த ஊரில், எந்த நிகழ்வில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

இந்தக் கோப்பு பின்னால் நான்கு இடங்களில் கைகொடுக்கும்: காலப்பிழை திருத்தும்போது, முன்னுரை எழுதும்போது, யாராவது புண்பட்டதாகப் புகார் சொல்லும்போது, 'இது என் கதையிலிருந்து எடுத்தது' என்று யாராவது உரிமை கோரும்போது. எழுதி முடித்த பிறகு இதைத் தயாரிக்க முடியாது. எந்தப் பேய் கலிங்கத்துப்பரணியில் வந்தது, எந்தப் பேய் உங்கள் தலையில் பிறந்தது என்பது ஓராண்டு கழித்து நினைவிருக்காது.

3. மூலங்களைத் தேடுங்கள்: முதலில் இலவசம், பிறகு பயணம்

செலவில்லாமல் வீட்டிலிருந்தே கிடைப்பவை ஏராளம். மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் பழந்தமிழ் நூல்களின் மூலபாடம் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையுடன் கூடிய பழைய பதிப்புகள் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் மின்வடிவில் கிடைக்கின்றன. இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கானது. நூலகத்துக்குப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இவற்றை முடித்துவிடுங்கள்.

இருளைத் தேடுகிறவர் முதலில் எவற்றைப் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. திரைப்படங்கள் காட்டும் வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் நம் பழைய நூல்களில் நான் காணாதவை. அவற்றில் இருப்பது அதைவிடப் பயங்கரமானது.

கலிங்கத்துப்பரணியைக் கட்டாயம் படியுங்கள். முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடும் 12ஆம் நூற்றாண்டு நூல். பசியால் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. இமயத்திலிருந்து வந்த முதுபேய் இந்திரசாலம் காட்டுகிறது. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன: இறந்த வீரர்களின் பல்தான் அரிசி, கேடயம்தான் முறம். பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று வரிசையாக வந்து கூழ் வாங்கிப் போகின்றன. ஒரு முழுச் சமூகமே அங்கே இருக்கிறது. அந்தக் கற்பனைக்கு முன்னால் இறக்குமதிப் பேய்கள் வெறும் நிழல்கள்.

அடுத்து மணிமேகலையின் ஆறாவது காதை. புகார் நகரத்துச் சுடுகாட்டை வாயில் வாயிலாக வருணிக்கிறது. சார்ங்கலன் என்ற இளைஞன் அங்கே பேய் ஒன்று பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைக் கண்டு, ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிர்விடுகிறான். தாய் கோதமை தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். அச்சமும் துயரமும் எப்படி ஒன்றாகப் பின்னப்படுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் குற்றம் செய்தவர்களைப் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும் சதுக்கப்பூதம் வருகிறது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்கள் பெண்பேயின் உடலை நரம்பு நரம்பாகக் காட்டுகின்றன. புறநானூற்றின் 356ஆம் பாடல் சுடுகாட்டின் பகல்நேர ஆந்தையைக்கூட விடவில்லை.

ஆங்கிலேயர் காலத்துக் கதை என்றால் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளும், சகுனங்கள், நம்பிக்கைகள் பற்றி 1912இல் வெளியிட்ட நூலும் உதவும். ஆட்சியாளர் பக்கத்திலிருந்து சாதிகளை வகைப்படுத்திய பார்வை அது. எனவே அவற்றிலிருந்து எடுப்பதை முதல் பத்தியில் சேர்க்காமல் இரண்டாம் பத்தியில் சேருங்கள்.

இனிப் பயணம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலான ஆவணங்கள் உள்ளன. சோழர் கதைக்கு அங்கே போய்ப் பயனில்லை. கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலம், பாளையக்காரர் காலம் என்றால் போங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. குசிலிக்கடைக் கொலைச்சிந்துகள் (கொலைச் சம்பவங்களைப் பாடும் பாட்டுப் புத்தகங்கள்) போன்ற மலிவு அச்சுப் பிரதிகளை இப்படிப்பட்ட தொகுப்புகளில்தான் தேட வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடிகள் புகழ்பெற்றவை. ஆனால் பழைய சுவடிகளில் புள்ளி இருக்காது, குறில் நெடில் வேறுபாடும் பல இடங்களில் இருக்காது. பயிற்சி இல்லாதவரால் படிக்க இயலாது. அந்த நூலகமே பல சுவடிகளை அச்சிட்டு விற்கிறது. நாவலாசிரியருக்கு அந்தப் பதிப்புகள் போதும்.

எங்கே போனாலும் ஒரு கோப்புறையில் இவற்றைக் கொண்டுசெல்லுங்கள்: அடையாள அட்டையின் அசலும் நகலும், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், எந்தக் காலத்தைப் பற்றி எதற்காகத் தேடுகிறீர்கள் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம், முடிந்தால் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் அறிமுகக் கடிதம். 'நாவல் எழுதுகிறேன்' என்று மட்டும் சொன்னால் முகப்பிலேயே தயங்குவார்கள். குறிப்பான நூல் பட்டியலோடு போனால் உதவுவார்கள். நகல் எடுக்கும் கட்டணமும் அளவுக் கட்டுப்பாடும் இடத்துக்கு இடம் மாறும். கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

சிற்பங்களையும் நேரில் பாருங்கள். மாமல்லபுரத்தின் திரௌபதி ரதத்தில் கொற்றவையின் காலடியில் ஓர் அடியவன் தன் தலையை அரிந்து தர முனைகிறான் என்று ஆய்வாளர்கள் விளக்கும் காட்சி உள்ளது. இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய். தன்பலியைப் பற்றி எழுதப்போகிறவர் அதன் முன் நின்று பார்ப்பதற்கு ஈடாக எந்தப் புகைப்படமும் இல்லை.

4. காலப்பிழைகளைச் சலித்தெடுங்கள்

முதல் வரைவு முடிந்ததும் கதையை மறந்துவிட்டு, பொருள்களை மட்டும் தேடி ஒரு முறை படியுங்கள். இந்த வகை நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில:

உணவு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, மக்காச்சோளம் ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. போர்ச்சுக்கீசியர் கப்பல் 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைவதற்கு முந்தைய கதையில் இவை வரக்கூடாது. காரத்துக்கு மிளகு இருக்கிறது.

படையல். புகையிலையும் அதே வழியில் வந்ததுதான். சோழர் காலத்து எல்லைத்தெய்வத்துக்குச் சுருட்டு வைக்கும் காட்சியை அடித்துவிடுங்கள். கள்ளும் இறைச்சியும் இருக்கட்டும். மாலையில் செண்டுமல்லி வேண்டாம்.

சுடுகாட்டுச் செடிகள். சீமைக்கருவேலம் தமிழகத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். சப்பாத்திக்கள்ளியும் வெளிநாட்டுச் செடிதான். சங்கப் பாடல்களின் சுடுகாட்டில் நிற்கும் கள்ளி வேறு. உங்களுக்குச் சதுரக்கள்ளி இருக்கிறது.

நேரமும் அளவும். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். இரவின் நான்கு சாமங்களில் இரண்டாவது முடியும்போது நள்ளிரவு. பொன்னைக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுங்கள்: 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. நெல்லுக்கு 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம்.

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். வெளியாள் ஒருவரிடம், முடிந்தால் வரலாறு படித்தவரிடம், படிக்கக் கொடுங்கள். அவருக்கு உரிய ஊதியத்தை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள்.

5. தெய்வங்கள், சாதிகள், பெயர்கள்: சட்டத்துக்கு முன் மனிதர்கள்

நாட்டார் தெய்வங்களில் பலர் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் கதைகளையும் ஊருக்கு ஊர் சொல்லப்படும் இசக்கி கதைகளையும் கேட்டால், நாவலாசிரியரின் கை பரபரக்கும். ஆனால் அந்தத் தெய்வம் இன்றைக்கும் யாரோ ஒருவரின் குலதெய்வம். குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் இடம் அது. அதை இரத்தவெறி பிடித்த பிசாசாக மாற்றி விற்கும் உரிமை நமக்கு இல்லை என்று நான் நினைக்கிறேன்.

எனவே இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெய்வத்தையும் ஊரையும் நீங்களே புனையுங்கள். பெயர் உண்மையில் எங்கேயும் இல்லை என்பதை ஊர்ப் பட்டியலில் தேடி உறுதி செய்யுங்கள். அல்லது உண்மைத் தெய்வம்தான் வேண்டும் என்றால் கொடைவிழாவுக்குப் போங்கள், வில்லுப்பாட்டை முழுதாகக் கேளுங்கள், கோயில் பொறுப்பாளர்களிடம் கதையைச் சொல்லிப் பேசுங்கள். ஒரு விழாவைத் தவறவிட்டால் பெரும்பாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் கால அட்டவணையில் சேருங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு திட்டமிட்டுச் செய்யும் செயலுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 356ஆம் பிரிவின்படி இறந்தவரைப் பற்றிய அவதூறும், அது அவருடைய குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டிருந்தால், குற்றமாகலாம். ஜமீன் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். 'இது முற்றிலும் கற்பனையே' என்ற ஒற்றை வரியை நம்பியிருக்காதீர்கள். மூன்று பத்திக் கோப்பை அடிப்படையாகக் கொண்டு, எது சான்று, எது வழக்கு, எது புனைவு என்று இரண்டு பக்க முன்னுரை எழுதுங்கள். உங்கள் நோக்கத்தைக் காட்டும் தாள் அதுதான்.

6. பதிப்புரிமையைப் பதிவு செய்யுங்கள்

எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் முழுக் கைப்பிரதியை வெளியே அனுப்புவதற்கு முன் பதிவுக்கு விண்ணப்பித்துவிடச் சொல்வேன். வழக்கு என்று வந்தால் சான்றிதழ் வலுவான ஆதாரம்.

விண்ணப்பம்: பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் படிவம் 14, அதோடு இணைந்த இரண்டு விவர அறிக்கைகள்.

கட்டணம்: இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்.

தாள்கள்: கைப்பிரதியின் இரண்டு பிரதிகள், அடையாளச் சான்று, கையெழுத்திட்ட படிவம். வழக்கறிஞர் மூலம் என்றால் அதிகாரப் பத்திரம். வெளியான நூல் என்றால் பதிப்பாளரின் தடையில்லாச் சான்று.

காலம்: விண்ணப்பித்ததும் நாட்குறிப்பு எண் (டைரி எண்) வரும். ஆட்சேபணைக்காக 30 நாள் கட்டாயக் காத்திருப்பு. பிறகு ஆய்வு. குறை இருந்தால் கடிதம் வரும்; அதற்கு உரிய கெடுவுக்குள் பதில் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் செயலிழந்துவிடலாம். மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியையும் வாரம் ஒருமுறை பாருங்கள். சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை நாட்குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

தலைப்புக்கும் கருவுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 'தன்பலி கொடுத்த தளபதி திரும்பி வருகிறான்' என்ற கருவை யாரும் எழுதலாம். நீங்கள் எழுதிய வடிவம் மட்டுமே உங்களுடையது. தனக்குத் தானே அஞ்சலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைப்பது பதிவுக்கு ஈடாகாது.

பிறருடைய எழுத்தைப் பயன்படுத்துவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பழம்பாடலை எடுத்தாளலாம், ஆனால் அதற்கு அண்மையில் எழுதப்பட்ட உரையை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

7. பதிப்பகத்திடம் அனுப்புவதும் ஒப்பந்தமும்

சென்னைப் புத்தகக் காட்சி பொதுவாக சனவரியில் நடக்கிறது. பதிப்பகங்களின் ஆண்டு அதை ஒட்டியே சுழல்கிறது. நவம்பர், திசம்பர் மாதங்களில் புதிய கைப்பிரதியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஜூன், ஜூலைக்குள் அனுப்புங்கள். ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், மூன்று பத்திக் கோப்பிலிருந்து எடுத்த ஒரு பக்கச் சான்றுப் பட்டியல் ஆகியவை போதும். அந்தப் பட்டியல் உங்கள் கைப்பிரதியை மற்றவற்றிலிருந்து தனியே காட்டும்.

ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு முதலில் வந்த ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும், அனைத்து வடிவங்களிலும், நிரந்தரமாக' என்று இருந்தது. அந்த ஒரு வரியை மாற்ற வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. கேட்டால் மாற்றுவார்கள், கேட்க வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை மனப்பாடம் செய்யுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது உங்களிடமே திரும்பிவிடும். ஆகவே 'நிரந்தரமாக' என்ற சொல்லுக்கு உள்ள விலை மிகப் பெரியது.

நீங்கள் கேட்க வேண்டியவை: அச்சு உரிமை மட்டும், ஆண்டுக்கணக்கில், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையத்தொடர் ஆகியவை தனித்தனியே உங்களிடம். இந்த வகைக் கதைகளைத் திரைத்துறையினர் தேடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதால் கடைசி இரண்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழில் அச்சு நூலுக்கு 10 விழுக்காடு ராயல்டி என்பது வழக்கமாகப் பேசப்படும் அளவு. அச்சிட்ட படிகள் எத்தனை, கணக்கு எந்த மாதம் வரும், இலவசப் பிரதிகள் எத்தனை என்று எண்ணிலேயே எழுதச் சொல்லுங்கள். பான் எண்ணைக் கொடுங்கள். இல்லாவிட்டால் வரிப்பிடித்தம் கூடும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இலக்கிய நூல் ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு பெற வழி உண்டு. அதற்குப் பதிப்பகத்தின் சான்று தேவை, கணக்கரிடம் முன்பே பேசுங்கள்.

'உங்கள் நூலை வெளியிடப் பணம் கட்டுங்கள்' என்று கேட்பவர் பதிப்பாளர் அல்லர், சேவை விற்பவர். அதில் தவறில்லை. அப்படியானால் உரிமை முழுவதும் உங்களிடம் இருக்க வேண்டும்.

8. நீங்களே அச்சிடுவதானால்

ஐ.எஸ்.பி.என். எண் (ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்) இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அட்டை, தலைப்புப் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை ஒதுக்குங்கள். சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி எண். அச்சுக்குப் போக இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

அச்சுச் செலவு பக்கத்தைப் பொறுத்தது. 16 பக்கம் ஒரு பாரம். டெம்மி என்ற நூல் அளவில் பக்கத்துக்கு ஏறக்குறைய 250 சொல் என்று வைத்தால், 80,000 சொல் நாவல் 320 பக்கம், அதாவது 20 பாரம். முன்னுரையும் பொருளடக்கமும் சேர்ந்து 325 ஆகிவிட்டால் 336 பக்கத்துக்கான தாளுக்குப் பணம் கொடுப்பீர்கள். எனவே பக்க எண்ணிக்கையைப் பாரத்துக்குள் அடக்குங்கள். குறைந்தது மூன்று அச்சகங்களில் ஒரே விவரத்தைக் கொடுத்து எழுத்தில் விலை கேளுங்கள்: நூலின் அளவு, பக்கம், தாளின் ஜி.எஸ்.எம். (கனத்தைக் காட்டும் எடை), அட்டையின் லேமினேஷன், கட்டு முறை, படிகள். அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் அச்சகத்தின் கூலிக்கு உண்டு, அதைச் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். கடைகளுக்கும் விற்பனையாளர்களுக்கும் தள்ளுபடி போக மிஞ்ச வேண்டும் என்பதால், விலையை ஒரு படிக்கான செலவைப் போல மூன்று மடங்குக்குக் கீழே வைக்காதீர்கள்.

பக்க வடிவமைப்பில் ஒரு பொறி உண்டு. ஒருங்குறியில் எழுதியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது 'கௌ', 'ஸ்ரீ', 'ொ' போன்றவை சிதையும். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகும். மாற்றிய பிறகு வரும் பி.டி.எஃப். கோப்பை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க வேண்டும், வேறு வழியில்லை. வடிவமைப்பாளர் ஒருங்குறியிலேயே வேலை செய்பவரா என்று முதலில் கேளுங்கள்.

இருண்ட கதை என்பதால் முழுக் கறுப்புப் பக்கங்கள் வைக்க ஆசை வரும். சாதாரணத் தாளில் மை மறுபக்கம் ஊறும், எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். கறுப்பை அட்டையின் உட்புறத்தில் வையுங்கள்.

அட்டை ஓவியருக்குப் பணம் கொடுத்தாலும், உரிமையை நூலின் அனைத்து வடிவங்களுக்கும் உங்களுக்கு மாற்றித்தரும் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். கோயில் சிற்பத்தின் புகைப்படம் என்றால் எடுத்தவரிடமும் வாங்குங்கள்.

9. மின்னூல்

அமேசானின் கிண்டில் தளம் தமிழ் மின்னூலை ஏற்கிறது. பதிவேற்றக் கட்டணம் இல்லை, ஐ.எஸ்.பி.என். தேவையில்லை. அட்டைப்படம் 2560க்கு 1600 புள்ளிகள் என்ற அளவில் இருக்கட்டும். கணினி உருவாக்கிய படமோ எழுத்தோ இருந்தால் பதிவேற்றும்போதே தெரிவிக்க வேண்டும்.

இந்திய விற்பனையில் 70 விழுக்காடு பெற, 90 நாள் தனியுரிமைத் திட்டத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் 35 விழுக்காடு. சேர்ந்தால் அந்த நாட்களில் நாவலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக்கூடாது. தொடராக அத்தியாயங்களை வேறு செயலிகளில் வெளியிட்டிருந்தால் முதலில் அவற்றை நீக்குங்கள். அமெரிக்க வரிக்கான கேள்விப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்க விற்பனைக்கான பிடித்தம் 30இலிருந்து 15 விழுக்காடாகக் குறையும். மதிப்பாய்வு 72 மணி நேரம் வரை ஆகலாம். ஒரு மாத விற்பனைக்கான பணம், அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும்.

10. நூலகப் பிரதிகள்

நூல் வெளியான 30 நாட்களுக்குள் நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். நீங்களே அச்சிட்டிருந்தால் பதிப்பாளர் நீங்கள்தான். அச்சகத்தில் படிகள் சொல்லும்போதே இந்த நான்கையும் பதிப்புரிமை அலுவலகத்துக்கான இரண்டையும் கணக்கில் சேருங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதுகளை மூன்று பத்திக் கோப்போடு ஒரே உறையில் வையுங்கள். பதிப்புரிமையை வெளியிடாத படைப்பாகப் பதிந்திருந்தால், படிவம் 15 மூலம் வெளியீட்டு விவரத்தைச் சேர்ப்பதும் இந்த மாதத்தின் வேலைதான்.